முழுசாகத் திரும்பி வந்த கல்

வாய் அன்றைக்கும் பாஸாகிவிட்டது. சோதனைக் கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். சின்னவள் மட்டும் தட்டவில்லை.

வாய் என்று அவர்கள் சொன்னது வட்டமான ஓர் உலோகப் பெட்டியை. நீண்ட கையின் நுனியில் அதைப் பொருத்தி விண்கலத்தோடு அனுப்பப்போகிறார்கள். கரியைப் போலக் கறுத்த ஒரு சிறுகோளின்மேல் அது ஒரு கணம் உட்கார வேண்டும், காற்றை ஊத வேண்டும், கிளம்புகிற மண்ணைச் சல்லடை வழியாக உள்ளே வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டும். போக வர வருடக்கணக்காகும் பயணம். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை பேர் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னவள் விண்கல் ஆராய்ச்சிக்காரி. வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள். அக்கா ஒருமுறை ஆபீஸுக்குப் போன் போட்டு "சின்னவ இருக்காளா?" என்று கேட்டுத் தொலைத்ததில், அந்தப் பெயர் இங்கேயும் ஒட்டிக்கொண்டது. தலை நரைக்கத் தொடங்கியும் போகவில்லை.

கைதட்டல் அடங்குவதற்குள் அவள் பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். அங்கே சுவரோரமாக மூன்று டிரம்கள். மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே கறுப்புக் கட்டிகள். பட்டாணி அளவு, நெல்லிக்காய் அளவு, சிலது கைப்பிடி அளவு.

"இதென்ன?" என்று மண் தயாரிக்கிறவரைக் கேட்டாள். சிறுகோளின் தரைக்குப் போலி மண் செய்து தட்டில் நிரப்புவது அவர் வேலை.

"கழிவுங்க. களிமண்ணையும் கரியையும் தண்ணி விட்டுப் பிசைஞ்சு காய வைக்கிறோமில்ல, அதுல கட்டி விழுது. கட்டி இருந்தா வாய் அடைச்சுக்குது. அதான் சலிச்சுட்டு மாவை மட்டும் தட்டுல கொட்டுறோம்."

"எதுல சலிக்கிறீங்க?"

"வாயில இருக்கிற அதே சல்லடைதான். ஸ்டோர்ல ஒண்ணு கூடுதலா இருந்துச்சு."

சின்னவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. வாய்க்கு எது நுழையுமோ அதை மட்டும் வாய்க்குக் கொடுத்து, நுழைந்துவிட்டது நுழைந்துவிட்டது என்று மாதக்கணக்கில் கைதட்டியிருக்கிறார்கள். கேள்வித்தாளை எழுதியவரே பரீட்சையும் எழுதி, திருத்தியும் கொடுத்த கதை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மண்ணைச் சலிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது மேலிடம்.

மேலிடத்துக்கு ஆபீஸ் முழுக்க ஒரு செல்லப்பெயர்: மாவுமில். திட்டத்தின் தலைவர். வாலிபத்தில் அவர் அரைக்காத விண்கல் இல்லை. ரசாயனம் பார்க்க வேண்டுமென்றால் கல்லை உரலில் போட்டுப் பொடியாக்கித்தான் ஆகவேண்டும். கரிச்சத்து நிறைந்த விண்கற்களில் என்னென்ன, எவ்வளவு என்று உலகத்துக்குச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். போலி மண்ணின் செய்முறையும் அவர் கணக்குத்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. களி சரி, கரி சரி, இரும்பு சரி. ஆனால் உரலில் இடித்தது மாவாகத்தானே இருக்கும்? விண்கல்லை மாவாகவே பார்த்துப் பார்த்து, அது கிடந்த இடமும் மாவு என்று எல்லோருக்கும் மனதில் பதிந்துவிட்டது.

சின்னவள் நேராக அவர் அறைக்குப் போனாள்.

"சார், அங்க கிடக்கிறது மாவுன்னு நமக்கு யார் சொன்னாங்க?"

"தொலைநோக்கி சொல்லுது. பகல்ல சூடாகுது, ராத்திரி சட்டுனு ஆறுது. பாறைன்னா சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும். தூள்தான் உடனே ஆறும். இது உங்களுக்குத் தெரியாததா?"

"ஓட்டை ஓட்டையா இருக்கிற பாறையும் சட்டுனு ஆறுமே, சார்."

"அப்படி ஒரு பாறையை எந்த விண்கல்லுல பாத்திருக்கீங்க? நம்மகிட்ட இருக்கிறதெல்லாம் கெட்டிக் கல்லு."

"கெட்டியா இருந்ததுதான் நம்மகிட்ட வந்து சேர்ந்தது. சோப்ளாங்கியெல்லாம் காத்துல உரசி மேலேயே பொடிஞ்சு எரிஞ்சு போயிடுது. வந்து சேர்ந்ததை வெச்சு வராததையும் எடை போட்டா எப்படி?"

மாவுமில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகமில்லை அவர். ஆனால் முயலுக்கு நாலு கால் என்றால் நாலையும் எண்ணிக் காட்ட வேண்டும். "இந்த மாசக் கடைசியில முடிவுக் கூட்டம். அதுக்கப்புறம் உலோகத்தை வெட்ட ஆரம்பிச்சுடுவாங்க. அதுக்குள்ள ஆதாரம் கொண்டாங்க. பேச்சைக் கொண்டாராதீங்க."

கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். சொல்லிவிட்டாளே தவிர, அதற்கு வேண்டிய கல் இந்த உலகத்தில் ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்து இருந்தது. அது அக்காவிடம் இருந்தது. அதற்குக் கல்லில் நார் உரிப்பது எவ்வளவோ மேல்.

அக்கா அருங்காட்சியகத்தில் கற்களுக்குப் பொறுப்பு. வருடங்களுக்கு முன் ஒரு விளையாட்டு மைதானத்தில் கறுப்புக் கல் ஒன்று விழுந்தது. மெதுவாக வந்ததோ, நல்ல நேரமோ, எரியாமல் தப்பித்துவிட்டது. வானம் கறுத்துக்கொண்டு நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் இந்த மாதிரிக் கல் உறிஞ்சிக்கொள்ளும், உப்புப் பூக்கும், அதன் பூர்வீகமே மாறிவிடும். அக்கா காய்ச்சலோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய், மழைக்கு முந்தி அதைச் சுத்தமான தாளில் ஏந்தி, நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிச் சாடியில் இறக்கி மூடினாள். கீழே உதிர்ந்திருந்த ஒரு துணுக்கை மட்டும் சோதனைக்குக் கொடுத்தாள். அதற்குள் சூரியக் காற்று அடைபட்டிருந்தது தெரிந்தது. அதாவது இந்தக் கல் எங்கோ பாறையின் வயிற்றுக்குள் புதைந்து கிடந்ததல்ல; ஒரு சிறுகோளின் மேல்தரையில் வெயில் காய்ந்தது. அன்றிலிருந்து கல்லை அக்கா யாருக்கும் கொடுத்ததில்லை. வெறும் விரலால் தானும் தொட்டதில்லை.

"வெயில் பட்ட கல்லு அது ஒண்ணுதான்க்கா, மழை படாதது," என்றாள் சின்னவள். "அதை அழுத்திப் பாக்கணும். உடைஞ்சா மாவாகுதா, சரளையாகுதான்னு தெரியணும்."

"தெரிஞ்சு?"

"மாவுக்குன்னு செஞ்ச வாய் சரளைமேல உக்காந்தா வெறும் வாயோட திரும்பி வரும்."

"வரட்டும்." அக்கா சாடியைத் துடைத்தபடியே சொன்னாள். "நீ தொட்டு எது முழுசா திரும்பி வந்திருக்கு? என் அலாரம் கடிகாரம் வந்துச்சா? ரேடியோ வந்துச்சா? கண்ணைத் திறந்து மூடுற பொம்மைக்குக் கண்ணு எப்படி மூடுதுன்னு பாக்கிறேன்னு தலையைக் கழட்டினவதானே நீ?"

"அப்ப எனக்கு ஏழு வயசு."

"இப்ப மட்டும் என்ன, கழட்டறதுக்குச் சம்பளம் வாங்கறே."

உண்மை.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். வீட்டுக்கே போய்ச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேட்டாள். அக்கா பொரியலைப் பரிமாறிக்கொண்டே முடியாது என்றாள். அத்தான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒருத்தி விடாக்கண்டி, ஒருத்தி கொடாக்கண்டி. நடுவுல நான் எதுக்கு வாயைத் திறக்கணும், உப்புக் குறைச்சல்னுகூட சொல்லப் போறதில்லை," என்றார்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அக்கா நகரவில்லை, கொஞ்சம் அசைந்தாள். "சூடு மட்டும் பாத்துக்கோ. உடைக்கக் கூடாது, கீறக் கூடாது, சாடியை வெளிக்காத்துல திறக்கக் கூடாது. முழுசா போயி முழுசா வரணும். நானே கொண்டாந்து தரேன், நீ கொண்டாந்து திருப்பிக் குடு."

அவ்வளவு கிடைத்ததே பெரிசு. சின்னவள் ஆளைக்கூடச் சேர்க்காமல் தானே கையுறைப் பெட்டிக்குள், அதாவது நைட்ரஜன் நிரப்பி, பக்கத்தில் பதித்த கையுறைகளுக்குள் கை விட்டு வேலை செய்கிற பெட்டிக்குள், வைத்துச் சாடியைத் திறந்தாள். கல்லை அதோடு ஒட்டிய வெற்றிட அறையில் மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டு, காற்றை முழுக்க வெளியேற்றி, ஒரு பக்கம் விளக்கைக் காட்டிச் சூடாக்கி, விளக்கை அணைத்தாள். வெப்பக் காமிரா பார்த்துக்கொண்டிருந்தது. கல் சட்டென்று ஆறியது. தொலைநோக்கியில் சிறுகோள் எப்படி ஆறியதோ அப்படியே ஆறியது. முழுக் கல், ஆனால் மாவைப் போல ஆறியது. உள்ளே அவ்வளவு ஓட்டை.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. வரைபடத்தைக் கொண்டுபோய் மாவுமில் மேஜையில் வைத்தாள்.

அவர் நெடுநேரம் பார்த்தார். "நல்ல வேலை," என்றார். மனதாரச் சொன்னார். "ஆனா இது பாதிக் கிணறு. இவ்வளவு மெத்துனு இருக்கிற பாறையை யுகக்கணக்கா சின்னச் சின்னக் கல்லு வந்து இடிச்சிட்டே இருக்கு. இடிச்சா மாவாயிடாதா? பாறை அங்கங்க இருக்கும், சுத்தி மாவும் இருக்கும். வாய் மாவுமேல உக்காரும்."

"மாவாகாதுன்னு நினைக்கிறேன். ஓட்டை இருக்கிறதால இடி உள்ளேயே அமுங்கிப் போயிடும்."

"நினைக்கிறீங்க. உடைச்சுக் காட்டுங்க."

அங்கேதான் வந்து முட்டியது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அந்த ஒரு சோற்றைத்தான் நசுக்கக் கூடாது என்று வாக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் யாருமில்லை. திங்கட்கிழமை கல்லைத் திருப்பித் தர வேண்டும். புதன்கிழமை முடிவுக் கூட்டம். கையுறைப் பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன அழுத்துப்பொறி இருந்தது, கையால் திருகுகிறது. சின்னவள் பெட்டிக்குள் கை நுழைத்து, கல்லை எடுத்துப் பொறியின் இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் வைத்தாள். வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கல்லின் ஒரு ஓரத்தில் ஏற்கெனவே ஒரு விரிசல் ஓடியது. அந்த ஓரம் மட்டும், சுண்டுவிரல் நகத்தளவு, தானாக உதிர்ந்தது என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? போகிற வழியில் உதிர்கிற கல்தானே.

பிடியில் கை வைத்தாள். அரைச் சுற்றுப் போதும்.

அவள் மனதில் விண்கலம் ஓடியது. வருடக்கணக்காகப் போய், கை நீட்டி, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல், வெறும் பெட்டியோடு திரும்புகிற விண்கலம். எத்தனை பேருடைய உழைப்பு. அதற்கு முன்னால் ஒரு நகத்தளவுக் கல் என்ன பெரிசு? ஒன்றுமில்லை. நியாயம் முழுக்க அவள் பக்கம் இருந்தது. எல்லாத் தடவையும் இப்படித்தான் இருந்தது. கடிகாரத்தைத் திறந்த அன்றைக்கும் நியாயம் அவள் பக்கம்தான். அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பற்சக்கரங்களைப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் வாரி அள்ளி டப்பாவில் போட்டதும் அன்றைக்குத்தான்.

சின்னவள் போனைப் போட்டாள். "அக்கா, ஓரத்துல ஒரு நகத்தளவு. கேட்டுட்டுத்தான் செய்றேன்."

"முழுசா," என்று சொல்லிவிட்டு அக்கா வைத்துவிட்டாள்.

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. பிடியிலிருந்து கையை எடுத்தாள், கல்லை எடுத்துச் சாடிக்குள் வைத்தாள், மூடியைத் திருகினாள். வேறு வழி பார்க்க வேண்டும். புதன்கிழமை வரைபடத்தோடு நிற்க வேண்டியதுதான். தொண்டை கட்டும்வரை பேச வேண்டியதுதான். விடுவதாக இல்லை.

திங்கட்கிழமை காலையில் சாடியை அருங்காட்சியகத்து மேஜைமேல் வைத்தாள். அக்கா கண்ணாடி மாட்டிக்கொண்டு, கல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் எடுத்து எடை போட்டாள். பழைய படங்களை வைத்துக்கொண்டு நாலா பக்கமும் பார்த்தாள். விரிசலைப் பார்த்தாள். ஓரத்தைப் பார்த்தாள். மறுபடியும் எடை போட்டாள்.

"ஏன் உடைக்கலை?" என்று கேட்டாள்.

"நீதானே வேணாம்னே."

"நான் எப்பவும்தான் வேணாம்பேன்."

சின்னவள் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் சாய்ந்தாள். முகம் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தது.

அக்கா கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "காய்ச்சலோட போயி எடுத்துட்டு வந்தேன். இது ஒண்ணுதான் நான் எடுத்தது. மத்ததெல்லாம் யாரோ கண்டுபிடிச்சதுக்கு நான் சீட்டு ஒட்டினேன். இதையும் பொடி பண்ணிட்டா என்கிட்ட என்ன இருக்கும்னு பயம்." கண்ணாடியைக் கழற்றினாள். "உன் பொறி எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"முழுசா வந்துச்சில்ல, அதுக்குத்தான். வண்டியை எடு. நான்தான் திருகுவேன், நீ தொடக்கூடாது."

புதன்கிழமை காலையில் கையுறைப் பெட்டிக்கு முன்னால் மாவுமில் வந்து நின்றார். மண் தயாரிக்கிறவரும் வந்து நின்றார். இரண்டு நாளாக அக்கா கல்லைச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கல்யாணப் பெண்ணைக்கூட யாரும் அத்தனை படம் எடுக்க மாட்டார்கள். விரிசலை ஒட்டிய துண்டைப் பிரித்துப் பொறியில் வைத்து, கையுறைக்குள் கை விட்டு, பிடியைத் திருகினாள். கண்ணை மூடவில்லை.

பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. காய்ந்த ரொட்டியை மிதித்த மாதிரி ஒரு நொறுக். துண்டு உடைந்து தட்டில் பரவியது. மிளகளவு, பட்டாணியளவு, அதைவிடப் பெரிதாக ஒன்று. தூள் இருந்தது, ஒரு சிட்டிகை. அக்கா இன்னொரு சுற்றுத் திருகினாள். பட்டாணிகள் மாவாகவில்லை. ஓட்டைகள் அமுங்கி இன்னும் இறுகிக்கொண்டன.

சின்னவள் வாயின் சல்லடையை அடியில் நீட்டினாள். அக்கா தட்டைக் கவிழ்த்தாள். சிட்டிகைத் தூள் மட்டும் கீழே இறங்கியது. மற்றதெல்லாம் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

மாவுமில் சல்லடையைப் பார்த்தார், மண் தயாரிக்கிறவரைப் பார்த்தார். "வெளியே கட்டி டிரம் இருக்குமே?"

"மூணு இருக்குங்க."

"தட்டுல இருக்கிற மாவைக் கொட்டிட்டு அதை நிரப்புங்க."

வாயை இறக்கினார்கள். ஊதினார்கள். கட்டிகள் எழும்பி, சல்லடையில் மோதி, அடைத்துக்கொண்டு நின்றன. பெட்டியைத் திறந்தபோது உள்ளே கண்ணில் மை தீட்டக்கூடக் காணாத அளவுக்குத் தூள் இருந்தது. இத்தனை மாதம் கைதட்டிய கூடம் அமைதியாக இருந்தது.

"அரைச்சது நான்," என்றார் மாவுமில். "அதனால மாவுன்னு நினைச்சதும் நான்." கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "சல்லடையைக் கழட்டுங்க. உள்பக்கமா மட்டும் திறக்கிற மாதிரி மெல்லிசா மடல் வெச்சுப் பாப்போம். உலோகக்காரங்களுக்கு நான் போன் பண்றேன், வெட்ட வேணாம்னு." போகிறபோது அக்காவிடம் நின்று, கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஜெயித்துவிட்டோம் என்று சின்னவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் அக்கா கையுறைப் பெட்டிக்குள் ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கிக் குப்பியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வருத்தமாக்கா?"

"வருத்தம்தான். நீ உடைச்சிருந்தா கோபம் வந்திருக்கும். இப்ப வருத்தம் மட்டும்தான் இருக்கு."

பொறியின் அடித்தட்டில் கடுகளவு ஒரு துணுக்கு நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் தட்டைக் கழற்றி வெளியே எடுத்துவந்தாள். "இது உலோகத்துல தேய்ஞ்சு போச்சு, இனி எந்தச் சோதனைக்கும் ஆகாது," என்றாள். "இதை நீ தொடலாம்."

அக்கா கையுறையைக் கழற்றினாள். நின்று யோசித்தாள். பிறகு வலது ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்து மெல்ல அழுத்தினாள். விரல் நுனியில் கரி ஒட்டியது. சூரியன் பிறந்த காலத்துக் கரி. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே வண்டியில் ஏறினாள். வழி நெடுக அந்தக் கை மடிமேல் மல்லாந்து கிடந்தது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அத்தான் கைகழுவிவிட்டு வந்தார். அக்கா கைகழுவ எழுந்திருக்கவில்லை; வலது கை மடிமேல் மல்லாந்தபடியே இருந்தது.

"எனக்கு ஒரு கரண்டி எடுத்துட்டு வாங்க," என்றாள்.

கல்யாணமான நாளாக அவள் கரண்டியில் சாப்பிட்டு அத்தான் பார்த்ததில்லை. சின்னவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலை குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் போய்க் கரண்டியை எடுத்துவந்து, மனைவியின் இடது கையில் கொடுத்தார்.